ஒரு நூல் மேடம்

எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். போனைக் காதில் வைத்துக்கொண்டே கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற பில்டருக்கு ‘டிராபிக் போலீஸ்’. ஈரப் பசை என்று சொன்னாலும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ‘விரல்காரர்’. மாட்டுங்காவிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ‘ஒரு நூல் மேடம்’. அவருடைய சொந்தப் பெயர் முதலாளி பாய்க்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டதில்லை. கேட்க வெட்கம்.

பட்டறை தாராவியில், ஒரு தோல் கிடங்குக்கு மேலே. இரும்பு ஏணியில் ஏறி வரவேண்டும். ஆர்க்கிடெக்டுகள் வரைந்து தருகிற கட்டடத்தை மரத்திலும் அட்டையிலும் சிறிதாகச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி கடையநல்லூர்க்காரர். அவரை எல்லோரும் பாய் என்போம். வெட்டுவது, ஒட்டுவதெல்லாம் ஆண்கள். மரம், புல், மனிதர்கள் வைப்பது நானும் ஜைனபுவும். சாயம் தோய்த்த ஸ்பாஞ்சைக் கிள்ளிக் கம்பியில் ஒட்டினால் மரம். இருபது வருடம் அந்த மரத்தைச் செய்தேன். என் மணிக்கட்டு இரண்டும் அங்கேதான் போயின.

நூல் என்பது ஆசாரிமார் அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. பாய் முதலில் ஆசாரி வேலை பார்த்தவர். அதனால் லேசர் மெஷின் வந்த பிறகும் நூல் கணக்குத்தான் பேசுவார். மேடத்தின் மாடலில் ஒரு நூல் என்றால் நிஜத்தில் ஓர் அடி.

மேடம் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டாலே ஜைனபு முணுமுணுப்பாள். “எக்கா, வந்துட்டு. இன்னைக்கும் சொவரு செத்துச்சு.”

மேடம் வருவார். செருப்பைக் கீழேயே விட்டிருப்பார். ஸ்டூல் கொடுத்தால் அதன் விளிம்பில் உட்காருவார். டீ வந்தால், “பாதி போதும், நீங்க பாதி எடுத்துக்கோங்கோ” என்று பக்கத்தில் இருக்கிறவருக்கு ஊற்றிவிடுவார். பிறகு பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, தரையில் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசை மட்டத்தில் மாடலைப் பார்ப்பார். அரைமணி நேரம்கூடப் பார்ப்பார். எழும்போது முட்டி இரண்டும் சடசடவென்று சத்தம் போடும்.

“இன்னைக்கு எத்தன நூலு மேடம்?” என்று பாய் கேட்பார்.

“கோச்சுக்காதீங்கோ பாய். ஒரே ஒரு நூல்.”

“போன வாரமும் ஒரே ஒரு நூலுதான். அதுக்கு முந்தின வாரமும் ஒரே ஒரு நூலுதான். இப்படியே கொறைச்சா கடைசில தரைதான் மிஞ்சும். அதுக்கு என்னத்துக்கு மாடலு? நானே ஒரு வாளி சாணித் தண்ணி தெளிச்சுக் குடுத்துருவேன்.”

“அதுகூட நன்னாத்தான் இருக்கும்” என்று மேடம் சிரிப்பார். ஆனால் நூலை விடமாட்டார். சுவர் நாலையும் மறுபடி வெட்டவேண்டும்.

மாடலில் இருந்தது ஒரு மியூசியம். நகரத்தின் தெற்கே, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. கட்டியவர் உலகம் முழுக்கப் பேர்பெற்றவராம், இறந்து வெகுகாலம் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து அந்த முற்றத்தில் மல்லாந்து படுத்துப் போட்டோ எடுப்பார்களாம். உள்ளே சாமான் வைக்க இடம் போதாமல் பக்கத்தில் இன்னொரு ஹால் கட்டவேண்டும் என்று வந்தபோது, அதை வரையும் வேலை மேடத்துக்குக் கிடைத்தது.

கட்டடத்தையும் கட்டியவரையும் மேடம் பிரித்துப் பேசியதே இல்லை. இரண்டுக்கும் ‘பெரியவர்’தான். “பெரியவருக்கு மூச்சு முட்டறது பாய்.” “இந்த மூலையில பெரியவர் தோள்ல இடிக்கறோம் பாருங்கோ.” வீட்டில் மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

“செத்துப்போன மனுஷனுக்கு எப்படி மேடம் மூச்சு முட்டும்?” என்று ஜைனபு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“இருக்கறவாளா இருந்தா வாயைத் திறந்து சொல்லுவா. அவரால சொல்ல முடியாதே. நாமதான் பாத்துக்கணும்.”

எதற்காக இப்படிக் குறைக்கிறார் என்பது எனக்கு ஒருநாள் விளங்கியது. அன்று என்னைக் கூப்பிட்டார். “அம்மா, இங்க வாங்கோ. நீங்க இப்போ பெரியவரோட முற்றத்துல நிக்கறேள். கண்ணை இந்த மட்டத்துல வெச்சுப் பாருங்கோ. சுவருக்கு மேல என்ன தெரியறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். “ஃபேன் தெரியுது மேடம்” என்றேன். பட்டறையே சிரித்தது. “எக்கா வாயத் தொறந்தா காத்துதான் வரும்” என்றாள் ஜைனபு.

மேடம் சிரிக்கவில்லை. “அந்த ஃபேன்தான் ஆகாசம்னு வெச்சுக்கோங்கோ. ஃபேன் மட்டும்தான் தெரியறதா?”

மறுபடி பார்த்தேன். பழைய சுவரின் விளிம்புக்கு மேலே மெல்லிசாக ஒரு மரப் பட்டை எட்டிப் பார்த்தது. “ஒரு கோடு தெரியுது மேடம்.”

“பாய், கேட்டேளா? கோடு தெரியறதாம்!”

பாய் என்னை முறைத்தார். அன்றைக்கு ஒரு நூல் போயிற்று. பிறகும் போயிற்று. முற்றத்தில் நிற்கிறவர்களுக்கு ஆகாசத்தைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. பெரியவர் அப்படித்தான் கட்டினாராம். இருபத்திரண்டு நூலில் தொடங்கிய மேடத்தின் ஹால் பதினாலு நூலில் வந்து நின்றது. பதினாறு படி கீழே இறங்கி உள்ளே போகிற மாதிரி, பாதி தரைக்குள் இருந்தது.

ஒரு மழைநாளில் அவரை ரயிலில் பார்த்தேன். நானும் ஜைனபுவும் மஸ்ஜித் பந்தரில் கம்பி வாங்கிக்கொண்டு சாயங்கால ஸ்லோ வண்டியில் வந்தோம். லேடீஸ் டப்பாவில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக மேடம் இருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்லமுடியாது. பலகையில் ஒரு சாண்தான் கிடைத்திருந்தது, மீதி உடம்பு நடைபாதையில் தொங்கியது. மடியில் சுருட்டிய வரைபடம். பக்கத்து அம்மாள் தாராளமாகச் சாய்ந்திருந்தாள்.

“‘தோடா சர்க்கோ’, கொஞ்சம் தள்ளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நகந்துருவா மேடம்” என்று ஜைனபு சொன்னாள்.

“அவா முன்னாடியே வந்து உக்காந்திருக்கா. பாவம், அசந்துபோயிருப்பா” என்றார். பிறகு தானாகவே பேசினார். “இன்னிக்கு மியூசியம் கமிட்டி. கேட்லேர்ந்து பாத்தா புதுக் கட்டடம் தெரியவே தெரியாதான்னு கேக்கறா. தெரியாதுன்னேன். தெரியாததை எதுக்குக் கட்டணும்ங்கறா. கடைசியா ஒரு தடவை பெரிய மாடலா, ஆள், மரம் எல்லாம் வெச்சுக் கொண்டு வரச் சொல்லியிருக்கா. அதுவும் பிடிக்கலேன்னா வேற ஆர்க்கிடெக்ட்டாம்.”

“உங்களுக்கு வேற வேலை இருக்கும்ல மேடம்” என்று ஜைனபு ஆறுதலாகச் சொன்னாள்.

“மூணு வருஷமா வேற ஒண்ணும் எடுத்துக்கலை. கேட்டவா எல்லாரும் கேக்கறதை நிறுத்திட்டா. எனக்கும் வயசாச்சு. இது ஒண்ணு கட்டிட்டாப் போறும்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். தாதருக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் தூரம் அந்த ஒரு சாண் பலகையிலேயே தூங்கினார். தலை முன்னால் விழும், நிமிரும், விழும். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கம்பிக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெரிய மாடலைத்தான், அதே நூல் கணக்கில் தோட்டம், கேட் எல்லாம் சேர்த்து, நாங்கள் ஒரு மாதம் செய்தோம். பெரியவர் சாம்பல் நிறம். மேடத்தின் ஹால் வெளிர் மரம். முடிகிற நேரத்தில் மேடத்துக்குக் காய்ச்சல் கண்டது. பெரியவர் பக்கத்து ஆட்களை மேடமே முன்பே வந்து ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் ஹாலைச் சுற்றியும் படியிலும் உள்ளேயும் வைக்கவேண்டிய ஆட்கள் மட்டும் மிச்சம். “நீங்களே வெச்சுடுங்கோ. டெம்போல நேரா மியூசியத்துக்கு அனுப்பிடுங்கோ, நான் அங்க வந்துடறேன்” என்று போனில் சொன்னார்.

எங்களிடம் இரண்டு பிஸ்கட் டப்பாவில் ஆட்கள் இருந்தார்கள். ஒன்றில் இருப்பவர்கள் ஐந்தரை நூல் உயரம். ஒரு நூல் ஓர் அடி என்ற கணக்குக்குச் சரியான ஆள். மற்றதில் இருப்பவர்கள் நாலரை நூல். அது பில்டர் டப்பா. ஃபிளாட் விற்கிற மாடல்களுக்கு பாய் அதைத்தான் எடுக்கச் சொல்வார். ஆள் ஒரு நூல் சின்னதானால் கட்டடம் கம்பீரமாகத் தெரியும், வாசல் அரண்மனை வாசல் மாதிரி இருக்கும். வாங்க வருகிறவர்கள் யாரும் ஆளை அளந்து பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான்.

நான் பில்டர் டப்பாவிலிருந்து இருபத்தாறு பேரை எடுத்து மேடத்தின் ஹாலில் வைத்தேன்.

மாடல் போன மறுநாள் பாய்க்கு போன் வந்தது. கமிட்டி எழுந்து நின்று கைதட்டியதாம். இவ்வளவு தாழ்வாக இருந்தும் எவ்வளவு கம்பீரம் என்றார்களாம். பாஸ். பாய் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். ஜைனபு எனக்கு ஊட்டியே விட்டாள். மீதியைத் தாளில் மடித்து வைத்துவிட்டேன். டப்பா இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

நாலு நாள் கழித்து மாடல் திரும்பி வந்தது, அக்ரிலிக் மூடி போடுவதற்காக. கூடவே மேடமும் வந்தார். காய்ச்சல் விட்ட முகம், ஆனால் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக முழு டீயையும் அவரே குடித்தார். ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முட்டி போடவில்லை.

“மூடியப் போட்டுரலாமா மேடம்?” என்று பாய் கேட்டார்.

“போட்டுடுங்கோ.”

இரண்டு பேர் மூடியைத் தூக்கினார்கள். போட்டுவிட்டால் யாரும் தொடமுடியாது. நான் ஜைனபுவிடம் காலையிலேயே ஆள் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் என் தொடையில் கிள்ளினாள். “சும்மா கெடங்க எக்கா. ஒங்களுக்கு வாய் இல்லன்னு ஊருக்கே தெரியும், இன்னைக்கு மட்டும் எதுக்கு?”

“மேடம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “மேடம், ஆளு சின்னது.”

மூடி அந்தரத்தில் நின்றது. பாய் ஓடிவந்து ஒரு ஆளைப் பிடுங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். “பில்டர் டப்பாவா? எக்கா, இது என்னா வேல?”

“கைப்பழக்கம் பாய்” என்றேன்.

மேடம் அளந்து பார்க்கவில்லை. “எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார்.

“இருபத்தாறு.”

“விடுங்க மேடம்” என்றார் பாய். “பாஸ் ஆயிடுச்சு. கட்டடத்துல ஒரு நூலு தப்பில்ல, ஆளுலதான தப்பு? கட்டுனப்புறம் யாரு வந்து இத அளக்கப்போறா?”

மேடம் காலி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“கட்டினப்புறம் மனுஷா வருவாளே பாய். அவா நெஜ அளவுலதானே வருவா. வந்து நின்னுண்டு, ‘படத்துல பெரிசா இருந்துதே’ம்பா.” எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். “அம்மா, அந்த இன்னொரு டப்பாவை எடுங்கோ.”

பொழுது சாய்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இருபத்தாறு பேரைப் பிடுங்கி இருபத்தாறு பேரை நட்டோம். ஒவ்வொருவர் மாறும்போதும் ஹால் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. கடைசி ஆளை வைத்தபோது, பெரியவருக்குப் பக்கத்தில் அது ஒரு மேசைக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அந்த மாடலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டியிடம் காட்டவேண்டும் என்று மேடம் பிடிவாதமாக நின்றார். வழியில் ஏதாவது ஒடிந்தால் ஒட்டுவதற்கு பாய் என்னைக் கூட அனுப்பினார். அப்படித்தான் பெரியவரை நான் நிஜத்தில் பார்த்தேன். முற்றத்தில் கால் வைத்ததும் சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. சாம்பல் சுவர். அதற்கு மேலே ஆகாசம். வேறு ஒன்றும் இல்லை. ஊருக்கு நடுவில் அப்படி ஓர் இடம் இருக்கும் என்று நினைத்ததில்லை.

மியூசியத்தின் மீட்டிங் அறையில் கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலீஷில் பேசினார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பசை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் ஆட்களைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். ஏழு பேர் முகமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. கடைசியில் நடுவில் இருந்தவர் மூன்று விரலைக் காட்டி, உள்ளங்கையை மேலே தூக்கினார். கோபமாகக்கூட இல்லை, சின்ன உதவி கேட்பதுபோலக் காட்டினார்.

மேடம் என்னிடம் வந்து குனிந்து சொன்னார். “மூணு அடி தூக்கினாப் போறுமாம். கேட்லேர்ந்து தெரியுமாம். இப்போவே கையெழுத்துப் போடறாளாம். உங்க டப்பால மூணு நூல் பட்டை இருக்கா?”

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

மேடம் ஹாலின் கூரையை மெல்லக் கழற்றி, சுவரின் மேல் அந்தப் பட்டையை வைத்து, கூரையை மறுபடி வைத்தார். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மேடம் அந்தக் கல் தரையில் முட்டி போட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அவர்களையும் வந்து பார்க்கச் சொன்னார். ஒருவரும் குனியவில்லை. நல்ல துணி போட்டிருந்தார்கள். மேடம் மாத்திரம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசையைப் பிடித்து எழுந்து, கூரையைத் தூக்கிப் பட்டையை உருவி என் கையில் கொடுத்தார்.

நான் அதை டப்பாவில் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. இப்போது அங்கே கண்ணாடியில் எழும்பிக்கொண்டிருக்கிறதாம், கேட்டிலிருந்து நன்றாகத் தெரிகிறதாம். மாடலை மியூசியம் வேண்டாம் என்றதால் பட்டறைக்கே வந்தது. பாய் அதைப் பரணில் தூக்கி வைத்தார். இடத்தை அடைக்கிறது என்று வாரம் ஒருமுறை திட்டுவார், தூக்கிப் போடமாட்டார்.

நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மேடம் கடைசியாக வந்தார். ஏணியில் இரண்டு காலையும் ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து ஏறினார். பாய் வெளியே போயிருந்தார், ஜைனபு தொழுகைக்குப் போயிருந்தாள். மாடலை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். பரணிலிருந்து இறக்கச் செய்து, தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த இருபத்தாறு பேரை நான் ஒழுங்காக வைத்திருந்தால் என்றும் நினைப்பேன்; மூடியைப் போடவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என்றும் நினைப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் வேலை போனது என்னால்தான்.

“என்னால உங்களுக்கு...” என்று தொடங்கினேன்.

“அவா கைதட்டின அன்னிக்கே நான் பாத்துட்டேன்” என்றார் மேடம்.

எனக்குப் புரியவில்லை.

“அவா கைதட்டறாளேன்னு ஆச்சரியமாப் போயி ஒரு தடவை குனிஞ்சேன். படியில நிக்கற ஆளைப் பாத்ததுமே தெரிஞ்சுடுத்து. எனக்குத் தெரியாமப் போகுமா? நிமிர்ந்து தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். நாலு நாள் ஆத்துல உக்காந்துண்டு யாரும் போன் பண்ணலையே, யாரும் கண்டுபிடிக்கலையேன்னு காத்துண்டு இருந்தேன். மூடியைப் போடுங்கோன்னு சொன்னது நான்தானே. நீங்க வாயைத் திறக்கலேன்னா நானும் திறந்திருக்க மாட்டேன்.”

தூரிகை என் கையிலேயே இருந்தது. அவர் சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை என்று பட்டது.

“கைப்பழக்கம்னு சொன்னது பொய்யி மேடம். தெரிஞ்சுதான் வச்சேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்?”

“பெரியவர் பக்கத்துல உங்க கட்டடத்தப் பாக்கப் பாவமா இருந்துச்சு.”

மேடம் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி போட அவரால் முடியவில்லை, நின்றபடியேதான் பார்த்தார்.

“எனக்கும்தான்” என்றார்.